ரசீதில் இருக்கும் பத்து விழுக்காடு யாருக்குப் போகிறது?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் குளிர்சாதன வசதியுள்ள ஓர் உணவகத்தில் நால்வர் உட்கார்ந்து மீன் தலைக் கறியும் சோறும் தோசையும் தேநீரும் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உணவுப் பட்டியலில் போட்டிருந்த விலைகளை மனத்துக்குள் கூட்டினால் 68 வெள்ளி, அதாவது 68 சிங்கப்பூர் டாலர், வருகிறது. மேசைக்கு வரும் ரசீதிலோ 81 வெள்ளி 53 காசு என்று இருக்கிறது. 68 வெள்ளிக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 6 வெள்ளி 80 காசு. இரண்டும் சேர்ந்த 74 வெள்ளி 80 காசின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 6 வெள்ளி 73 காசு. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் இரண்டு கூட்டல் குறிகளின் பொருள் இதுதான். ‘பிளஸ் பிளஸ்’ என்று சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

சேவைக்குத்தான் 6 வெள்ளி 80 காசு கொடுத்தாயிற்றே, பிறகென்ன தனியாக டிப்ஸ் என்று எழுந்து போவது இங்கே பெரும்பாலோரின் வழக்கம். என் வழக்கமும் அதுதான். சென்ற ஆண்டு ஒரு நாள் வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போயிருந்தேன். அவருக்காகக் காரம் குறைத்த ரசத்தைக் கேட்காமலே வாங்கிவந்து கொடுத்து, எழும்போது நாற்காலியையும் நகர்த்திப் பிடித்துக்கொண்டார் பரிமாறிய தம்பி. சோம்புத் தட்டில் 5 வெள்ளித் தாள் ஒன்றை வைத்தேன். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வரும் இளைஞர் அவர். தாளை எடுத்துக்கொண்டே, “இது பெட்டிக்குப் போகும்ண்ணே, மாசக் கடைசியில பிரிச்சுக்குவோம். ரசீதுல போட்டிருக்கே, அது எங்களுக்கு வராது. ஜொகூர் பாருல ஹோட்டல்ல இருந்தப்ப எனக்குப் புள்ளி இருந்துச்சு, இங்க புள்ளி எல்லாம் கிடையாது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிப்ஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தாராளம், கஞ்சத்தனம், நாகரிகம் என்ற பாதையிலேயே போய்விடுகிறது. அடியில் இருப்பது சம்பளக் கணக்கு. பரிமாறுகிறவரின் கூலியை முதலாளி முழுமையாகக் கொடுத்து அதை உணவின் விலையில் வாங்கிக்கொள்கிறாரா, அல்லது கூலியில் ஒரு பங்கைச் சாப்பிட வந்தவரின் மனப்போக்குக்கு விட்டுவிடுகிறாரா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. வழக்கம் என்று நாம் பேர் சூட்டுவது அந்தப் பதிலுக்குத்தான்.

சிங்கப்பூரின் பதிலை முதலில் பார்ப்போம். உணவகங்கள் சேவைக் கட்டணம் வசூலித்தே ஆகவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. வசூலித்ததை ஊழியர்களுக்குப் பங்கிட வேண்டும் என்றும் சட்டம் இல்லை. அது நிறுவனத்தின் வருமானம். அதில் ஒரு பகுதியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள், வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் போகிற பொதுக் கணக்கில் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவையே. வரித்துறையின் பார்வையும் இதற்கு ஒத்துப்போகிறது. சேவைக் கட்டணம் விலையின் ஒரு பகுதி என்பதால் அதன்மேல் பொருள் சேவை வரி விதிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் தாமாக மனமுவந்து வைத்துவிட்டுப் போகும் காசு எந்த விற்பனைக்கும் விலையல்ல என்பதால் அதன்மேல் அந்த வரி இல்லை. என் தாயாருக்கு ரசம் வந்த அன்று நான் வைத்த 5 வெள்ளியும் ரசீதில் இருந்த சேவைக் கட்டணமும், இரண்டையும் ‘சேவைக்காக’ என்றே நான் நினைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்துகொண்ட கடைகள் வரியைச் சேர்த்த விலையைத்தான் பொதுமக்களுக்குக் காட்டவேண்டும். துணிக்கடையில் 50 வெள்ளி என்று எழுதியிருந்தால் கல்லாவிலும் 50 வெள்ளிதான். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தை ரசீதில் தனியாகப் போடும் உணவகம், ஒன்பது விழுக்காட்டு வரியையும் பட்டியலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். நால்வர் சாப்பாடு 68 வெள்ளி என்று கண்ணில் படுவதற்கும் 81 வெள்ளி 53 காசு என்று படுவதற்கும் உள்ள வித்தியாசம் வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேவை என்ற சொல் ரசீதில் செய்யும் வேலை இதுவாகவும் இருக்கிறது என்பது என் கருத்து.

உணவங்காடி நிலையத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. பலகையில் எழுதியிருக்கும் விலையே விலை. தட்டை நாமே தூக்கிவந்து, 2021 செப்டம்பரிலிருந்து சட்டப்படி நாமே திருப்பி வைக்கவும் வேண்டும் என்பதால், சேவைக் கட்டணம் கொடுப்பதானால் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்தத் தம்பி சொன்ன புள்ளிக்கு வருவோம். மலேசியாவில் தொழிற்சங்க உடன்பாடு உள்ள ஹோட்டல்களில் வசூலாகும் சேவைக் கட்டணத்தின் பெரும்பகுதி ஒரு பொதுத் தொகையாகச் சேர்க்கப்பட்டு, வேலையின் தரத்துக்கு ஏற்ப ஒவ்வோர் ஊழியருக்கும் குறிக்கப்பட்ட புள்ளிகளின்படி மாதந்தோறும் பங்கிடப்படுகிறது. விடுமுறைக் காலத்தில் ஹோட்டல் நிரம்பினால் ஒரு புள்ளியின் மதிப்பு ஏறும். கூட்டமில்லாத மாதத்தில் இறங்கும். அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும் புள்ளிப் பணம் பெரியதாகவும் இருந்த இந்த ஏற்பாடு, 2013இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தபோது சிக்கலுக்குள்ளானது. ஊழியருக்குப் போகும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைந்தபட்சத் தொகை எட்டிவிடுகிறதே என்று ஹோட்டல் முதலாளிகள் வாதிட்டார்கள். வழக்கு மேலே மேலே போய், 2021இல் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக அதை மறுத்தது: சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது, அதை எடுத்து முதலாளி தாம் கொடுக்கவேண்டிய சம்பளத்தை நிரப்பிக்கொள்ள முடியாது. ரசீதில் அதே பத்து விழுக்காடு, அதே இரண்டு சொற்கள். இடையில் இருப்பது ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம்தான்.

மலேசிய நீதிமன்றம் மறுத்த அந்தக் கணக்கையே சட்டமாக்கி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009இலிருந்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்கவேண்டியது மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. மீதியை வாடிக்கையாளர் வைக்கும் காசு நிரப்பும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். 1966இல் நியாய உழைப்புத் தரச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. 2 டாலர் 13 சென்ட் என்ற அளவு 1991இல் வந்து அங்கேயே நின்றுவிட்டது. 1996இல் பொதுவான குறைந்தபட்ச ஊதியத்தோடு அதற்கிருந்த தொடர்பு அறுக்கப்பட்டதால், அது ஏறினாலும் இது ஏறுவதில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய மாநிலங்கள் இந்த ஏற்பாட்டை ஏற்காமல் டிப்ஸுக்கு முன்பே முழு ஊதியம் கொடுக்கச் சொல்கின்றன. வேறு பல மாநிலங்கள் 2 டாலர் 13 சென்ட்டைவிட அதிகமான தொகையை நிர்ணயித்திருக்கின்றன.

நியூயார்க்குக்கோ சிகாகோவுக்கோ போய்த் திரும்பும் நம்மவர்கள், 15 விழுக்காடு வைத்ததற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், 20 வைத்த பிறகுதான் சிரித்தார்கள் என்று சொல்லி அலுத்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அங்கே அந்தக் காசு நன்றிக்கான அடையாளமாக மட்டும் இல்லை. வாடகைக்கும் பிள்ளைகளின் செலவுக்குமான சம்பளத்தின் ஒரு பெரிய பங்கு அது. டிப்ஸ் வைக்காமல் எழுந்தால், சாப்பாட்டு விலையில் முதலாளி எழுதாமல் விட்ட கூலியை நாமும் அடித்துவிட்டுப் போகிறோம் என்றாகிறது. சேவை நன்றாக இருந்தால் அதிகம், இல்லாவிட்டால் குறைவு என்ற நியாயமும் நடைமுறையில் அவ்வளவாக நிற்பதில்லை. இந்தத் துறையில் நெடுங்காலமாக ஆய்வு செய்துவரும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்று காட்டியிருக்கிறார். ரசீதுத் தொகை பெரிதானால் டிப்ஸும் பெரிதாகிறது, அவ்வளவுதான். மலிவான உணவகத்தில் பத்து முறை காப்பி ஊற்றிக் கொடுத்தவருக்கு ஒரு டாலரும், விலையுயர்ந்த ஒயினை ஒரு முறை ஊற்றியவருக்கு முப்பது டாலரும் கிடைப்பது அந்த முறையின் கணக்கு.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்ததும் அல்ல, எல்லாரும் விரும்பி வளர்த்ததும் அல்ல. 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீடுகளுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் புறப்படும்போது வேலையாள்கள் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துக் கொடுத்தவர், கோட்டை மாட்டிவிட்டவர், குதிரையைப் பிடித்தவர் என்று ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்தாக வேண்டும். ‘வெய்ல்ஸ்’ என்று அதற்குப் பெயர். விருந்துக்குப் போய்வருவதைவிடக் கடையில் சாப்பிடுவதே மலிவு என்று கனவான்கள் புலம்பும் அளவுக்கு அது முற்றிப்போய், 1760களில் அதை ஒழிக்க முயன்றபோது லண்டனில் வேலையாள்கள் கலகம் செய்தார்கள். வீட்டு முதலாளிகள் இந்தக் காசை மனத்தில் வைத்துச் சம்பளத்தைக் குறைவாக வைத்திருந்ததுதான் கலகத்தின் காரணம்.

ஐரோப்பாவுக்குப் போய்வந்த அமெரிக்கச் செல்வந்தர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தப் பழக்கத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிரபுக்களின் வழக்கம் குடியரசுக்கு ஆகாது என்று அங்கே கடும் எதிர்ப்பு இருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலமும் பிறகு வேறு சில மாநிலங்களும் டிப்ஸைத் தடைசெய்தே சட்டம் போட்டன; 1926க்குள் அவை அனைத்தும் நீக்கப்பட்டோ செல்லாதவையாகியோ போயின. சட்டத்தைவிட வலுவாக நின்றது கூலிக் கணக்கு. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களை ரயில் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர்களாக வைத்த புல்மன் நிறுவனம், அவர்களுக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ளும்படி விட்டது. நிறுவனர் ஜார்ஜ் புல்மனின் பெயரைச் சொல்லிப் பயணிகள் அவர்கள் அனைவரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சொல்லி அழைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் அவர்கள் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். காசுக்காகச் சிரிக்க வேண்டியிராத சம்பளம் வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்துக்குள் இருந்த கோரிக்கைதான்.

தனியொரு முதலாளி நினைத்தால் இதிலிருந்து வெளியே வரமுடியுமா என்பதற்கும் அங்கே ஒரு பாடம் கிடைத்தது. நியூயார்க்கின் பேர்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, விலையை உயர்த்தி, சமையற்கட்டில் நிற்பவர்களுக்கும் சேர்த்து ஊதியத்தை ஏற்றினார். டிப்ஸில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சமையல்காரருக்கும் பங்கு கிடைப்பதில்லை என்ற அநியாயத்தைச் சரிசெய்வதே அவர் சொன்ன நோக்கம். பக்கத்து உணவகம் பழைய விலையையே பட்டியலில் காட்டிக்கொண்டிருக்க, நன்றாகச் சம்பாதித்த பரிமாறுநர்களில் சிலர் விலகிப்போக, பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் அவரே திட்டத்தைக் கைவிட்டார். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டமோ, 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸ் வருமானத்தைக் கூட்டரசு வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது. தொழிலாளிக்கு நல்லதாகத் தெரிந்தாலும், கூலி டிப்ஸிலிருந்து வரும் முறையை அது இன்னும் ஆழமாக ஊன்றிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெய்ல்ஸ் பிறந்த பிரிட்டன் வேறு திசையில் போயிருக்கிறது. லண்டன் உணவகங்களில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் ரசீதிலேயே வரும். பெரும்பாலும் விருப்பக் கட்டணம் என்று குறிப்பும் இருக்கும். வேண்டாம் என்று சொல்லி எடுக்கச் சொல்லலாம். டிப்ஸைக் கொண்டு குறைந்தபட்ச ஊதியத்தை நிரப்புவது 2009 அக்டோபரில் அங்கே தடைசெய்யப்பட்டது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த டிப்ஸ் பங்கீட்டுச் சட்டத்தின்படி, டிப்ஸானாலும் சேவைக் கட்டணமானாலும் முதலாளி எதையும் பிடித்துக்கொள்ளாமல், வசூலான மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் ஊழியர்களிடம் நியாயமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். நம் ரசீதில் இருக்கும் அதே வகைக் கட்டணம் அங்கே தொழிலாளியின் சட்ட உரிமையாகிவிட்டது.

பிரான்சில் 1987 முதல் சேவைக்கான தொகையை உள்ளடக்கிய விலையைத்தான் பட்டியலில் காட்டவேண்டும். எழும்போது ஓரிரு யூரோ சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். தென்கொரியாவிலும் 2013இலிருந்து வரி, சேவை எல்லாம் சேர்ந்த இறுதி விலைதான் உணவுப் பட்டியலில் இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24 டாலர் 95 சென்ட் என்பதால் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, விடுமுறை நாள்களில் ஊழியருக்குக் கூடுதல் ஊதியம் தரவேண்டியிருப்பதால், அன்று சாப்பிடுகிறவர்களிடம் மிகைக்கட்டணம் வாங்கும் உணவகங்கள் உண்டு. ஜப்பானில் மேசைமேல் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டுப்போனதாக எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். பழைய பாணித் தங்கும் விடுதிகளில் மட்டும், புதுத்தாளை உறையில் போட்டு, சேவைக்கு முன்பே பணிவோடு கொடுக்கும் ‘கொகொரோசுகே’ என்ற வழக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இந்தியாவில் சண்டை சேவைக் கட்டணத்தின் பெயரிலேயே நடந்தது. உணவகங்கள் தாமாகவே அதை ரசீதில் ஏற்றக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டு நெறிகளை வெளியிட, உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சென்னைக்குப் போனால் நம்மவர்கள் வழக்கம்போல் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு சும்மா எழுந்துவிடுகிறார்கள். அங்கே சாதாரண சாப்பாட்டுக் கடைகளில் அப்படி ஒரு கட்டணமே இருப்பதில்லை. சோம்புத் தட்டில் வைக்கும் பத்தோ இருபதோதான் சர்வருக்கு உண்டானது.

டிப்ஸுக்கு மொழிகள் வைத்திருக்கும் பெயர்களும் கவனிக்கத் தக்கவை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதற்குக் ‘குடிப்பதற்கான காசு’ என்றே பொருள். தமிழில் ‘டீ செலவுக்கு ஏதாவது’ என்று தலையைச் சொறிவதும் அதே குடும்பம். மலாயில் ‘டுயிட் கோப்பி’, அதாவது காப்பிக் காசு என்றால், அன்பளிப்பைவிட லஞ்சம்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்த எல்லைக்கோட்டில் சிங்கப்பூர் மிகவும் கறார். லஞ்ச ஊழல் தடுப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இப்படிக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான் என்ற சாட்சியத்தை நீதிமன்றத்தில் ஏற்கவே கூடாது என்கிறது. 2018இல் கொள்கலன் கிடங்கு ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிய இருவர், லாரி ஓட்டுநர்களைக் காக்க வைக்காமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் தலைக்கு ஒரு வெள்ளி வாங்கியதற்காக நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒரு வெள்ளி, காப்பிக் கடையில் ஒரு கோப்பிக்குக்கூட இன்று போதாது. உணவகத்தில் சாப்பிட்டு முடித்து மனநிறைவோடு வைக்கும் காசுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது உண்மைதான். ஆனாலும், செய்யவேண்டிய வேலைக்குத் தனியாகக் கை நீட்டுவதும் நீட்டவைப்பதும் கூச்சத்துக்குரியவை என்ற உணர்வு இந்த ஊரில் ஊறிப்போயிருப்பதற்கு இந்தக் கறாரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்துக்குச் சேவைக் கட்டணம் வசதியான திரை.

திரைக்குப் பின்னால் சம்பளக் கேள்வி அப்படியே இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. படிப்படியாக உயரும் சம்பள முறை 2023 மார்ச்சில் உணவுச் சேவைத் துறைக்கு வந்தது. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள், தங்களிடம் உள்ள சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத சம்பளம் கொடுக்கவேண்டும் என்கிறது அது. ஜொகூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் தம்பிக்கு அது பொருந்தாது. அவருடைய கணக்கில் இருப்பவை, பேசி முடித்த சம்பளமும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியும்தான்.

அதன் பிறகு அந்த உணவகத்துக்கு மூன்று முறை போய்வந்தேன். பெட்டி, பழைய பிஸ்கட் டின். மூடியில் கத்தியால் கீறிய துவாரம். ரசீதுக்கு எல்லாரும் அட்டையைத் தட்டிவிட்டோ கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை வருடிவிட்டோ போகிறார்கள். சோம்புத் தட்டில் தாளும் வருவதில்லை, சில்லறையும் வருவதில்லை. கடைசியாகப் போனபோது, பெட்டியில் ஒட்டுவதற்குத் தங்கள் பெயரில் ஒரு கியூஆர் குறியீட்டுத் தாள் அச்சடித்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டிருப்பதாகத் தம்பி சொன்னார். பதில் இன்னும் வரவில்லையாம்.